மகனை ரைட் ஃபீல்டில் நிறுத்திவிட்டார்கள், அது சும்மா இடமா?

யீஷூன்_அம்மா
வணக்கம். என் மகன் உயர்நிலை ஒன்று படிக்கிறான். சிசிஏவுக்கு (பள்ளி இணைப்பாட நடவடிக்கை) சாஃப்ட்பால் எடுத்திருக்கிறான். பயிற்றுநர் அவனை ரைட் ஃபீல்டில், மைதானத்தின் வலக்கோடியில், நிறுத்தியிருக்கிறார். "ஆடத் தெரியாதவனைத்தான் அங்க போடுவாங்க" என்று கூட்டாளிகள் சொல்லிவிட்டார்களாம். பந்தே வருவதில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். எங்கள் வீட்டில் கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. அந்த இடத்தில் நின்றே பெரிய ஆளானவர் யாராவது உண்டா?

பாலஸ்டியர்வாசி
உண்டு அக்கா. இச்சிரோ சுசுகி. சாஃப்ட்பாலின் அண்ணனான பேஸ்பாலில், அமெரிக்க மேஜர் லீகில் தொடர்ந்து பத்து ஆண்டு சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் கிளவ் விருது வாங்கிய ஜப்பான்காரர். பெரும்பாலும் ரைட் ஃபீல்டில்தான் நின்றார். 2025ல் ஆட்டத்தின் மாபெரும் வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானபோது 394 ஓட்டில் 393 அவருக்கு விழுந்தது. விடுபட்ட அந்த ஓர் ஓட்டை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பள்ளி ஆட்டத்தில் அந்தப் பக்கம் பந்து குறைவாக வருவது உண்மைதான். வலக்கைக்காரர்கள் இழுத்து அடித்தால் பந்து லெஃப்ட் ஃபீல்டுக்குப் போகும், பிள்ளைகளில் பெரும்பாலோர் வலக்கைக்காரர்கள். பெரியவர்கள் ஆட்டத்தில் கணக்கே வேறு. ரன் எடுக்க வரிசையாகத் தொட்டு ஓடும் இடங்கள்தான் பேஸ். ஃபர்ஸ்ட் பேஸில் இருப்பவர் எதிர்ப்பக்கம் இருக்கும் தேர்ட் பேஸுக்கு ஓடினால், ரைட் ஃபீல்டிலிருந்துதான் எறிய வேண்டிய தூரம் அதிகம். அதனால் கை வலு உள்ளவரைத் தேடிப் பிடித்து அங்கே நிறுத்துவார்கள். இச்சிரோ உயர்நிலைப்பள்ளியில் பந்து வீசியவர்.

2001 ஏப்ரல் 11, ஓக்லாந்தில் நடந்த ஆட்டத்தின் வீடியோவைத் தேடிக் காட்டுங்கள். அவர் சியாட்டில் மரினர்ஸில் ஆட வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஃபர்ஸ்ட் பேஸில் இருந்த டெரன்ஸ் லாங், அடி ரைட் ஃபீல்டுக்குப் போனதைப் பார்த்துத் தேர்டுக்கே ஓடினார். யாராக இருந்தாலும் ஓடத்தான் செய்வார்கள். இச்சிரோ முன்னால் வந்து பந்தை எடுத்த வேகத்திலேயே விட்டார் ஓர் எறி. பந்து தரையில் படவே இல்லை, தாழ்வாகப் பறந்து நேராகத் தேர்ட் பேஸ்மேன் கிளவுக்குள் போனது. லாங் அவுட். மகனிடம் பந்தைப் பார்க்காமல் இச்சிரோவின் காலைப் பார்க்கச் சொல்லுங்கள். நின்று எடுக்கவில்லை, ஓட்டத்தை அப்படியே எறிக்குள் கொண்டுபோகிறார்.

அப்புறம், அவரையும் ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். 1992ல் ஜப்பானின் ஆரிக்ஸ் அணிக்கு ஆட வந்தபோது, அவர் பேட் பிடித்து அடிக்கும் விதம் மேலாளருக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் அணியிலேயே நாள் போனது. 1994ல் ஓகி அகிரா புது மேலாளராக வந்து நம்பி இறக்கினார், அந்த ஆண்டே 210 ஹிட் (அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸை எட்டுவது). ஜப்பானில் ஒரே பருவத்தில் 200ஐத் தொட்ட முதல் ஆள் அவர்தான். அமெரிக்காவில் 2004ல் அடித்த 262, 1920 முதல் நின்ற ஜார்ஜ் சிஸ்லரின் 257 என்ற சாதனையைத் தாண்டியது. கடைசியாக ஆடியது 2019 மார்ச்சில், டோக்கியோ டோமில். அப்போது வயது 45.

செங்காங்காரன்
ராபர்ட்டோ கிளெமென்டேயை விட்டுவிட்டீர்களே அண்ணே! பிட்ஸ்பர்க் பைரட்ஸுக்கு 18 பருவம், ரைட் ஃபீல்டில் 12 கோல்ட் கிளவ், சரியாக 3000 ஹிட். 1972 டிசம்பர் 31ல் நிகராகுவா நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்துபோனார். எனக்கு அவருக்கு மேல் யாரும் இல்லை.

யீஷூன்_அம்மா
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வீடியோவைக் காட்டினேன், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். "எனக்கு அவ்வளவு தூரம் எறிய வராதே" என்கிறான். என்ன சொல்வது?

பாலஸ்டியர்வாசி
இந்த வயதில் வர வேண்டியதில்லை அக்கா. இடையில் வந்து நிற்கும் செகண்ட் பேஸ்மேனுக்கு நெஞ்சு உயரத்தில் எறிந்தால் போதும், அவர் திருப்பி எறிவார். வானத்தைப் பார்த்துத் தூக்கி எறிவதுதான் கூடாது, அது இறங்குவதற்குள் ஓடுகிறவர் அடுத்த பேஸுக்குப் போய்விடுவார்.

இன்னொன்று. பேஸ்கள் இருக்கும் உள்பகுதியான இன்ஃபீல்டில் பந்து உருண்டு, யாராவது ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறியப்போகும் ஒவ்வொரு தடவையும் ரைட் ஃபீல்டர் அந்த பேஸுக்குப் பின்னால் ஓடிவர வேண்டும். எறி தவறினால் அவன் பிடிப்பான். பள்ளி ஆட்டத்தில் அந்த எறி அடிக்கடி தவறும். அடுத்த பயிற்சியில் ஓடிப் பார்க்கச் சொல்லுங்கள், பந்து தானாக அவனிடம் வரும்.