விஎஸ் கோட் இறுகுது, விம்மில எழுத்து உடையுது, எதைப் பாவிக்கிறது?

சுன்னாகம் பெடியன்
அண்ணையாக்கள், அவசரம். புரோகிராம் எழுத எந்த எடிற்றர் நல்லது? வகுப்பில எல்லாரும் விஎஸ் கோட். எனக்கு அது திறந்தா லப்ரொப் இறுகி நிக்குது. ஒன்றுவிட்ட அண்ணா விம் போடச் சொன்னவர், போட்டன், எழுத்தெல்லாம் உடைஞ்சு வருது. திங்கட்கிழமை குடுக்க வேணும். ஒண்டைச் சொல்லுங்கோ.

பனங்கூடல்
எந்த மொழியில எழுதுறீர் தம்பி? ராம் எவ்வளவு? விண்டோசோ, லினக்சோ? உடையுது எண்டா பெட்டி பெட்டியா வருதோ, வேற மாதிரியோ?

கட்டளைவரி
இந்தக் கேள்விக்கு இஞ்ச எத்தினையோ தரம் பதில் எழுதியாச்சு. தேடிப் பாத்திட்டுக் கேக்கப் பழக வேணும்.
விம்தான். 1976இல பில் ஜோய் எழுதின விஐ எண்ட எடிற்றரின்ர வழியில வந்தது, 1991இல பிராம் மூலனார் வெளியிட்டவர். விஎஸ் கோட் எலெக்ட்ரோனில ஓடுது, அதாவது எடிற்றரோட சேத்து ஒரு குரோமியம் பிரவுசரும் ஓடுது. பழைய மெசின் அதைத் தாங்காது. கரண்ட் போனாலும் விம் கைவிடாது: 200 எழுத்து அடிச்ச உடன, இல்லாட்டி கை 4 செக்கன் ஓய்ஞ்ச உடன ஸ்வாப் பைல் எண்ட தற்காலிகப் பைலில எழுதிப்போடும். பேந்து விம் மைனஸ் ஆர் போட்டு மீட்கலாம். 2022இல கரண்ட் வெட்டு நடந்த நேரம் எனக்கு ஒரு வரி போகேல்லை.
எழுத்து உடைஞ்சால் உம்மட லொக்கேல், அதாவது மெசினின்ர மொழி அமைப்பு, பிழை. எழுத்தைப் பைலில பதியிற யூடிஎஃப்-8 முறை எண்டா என்ன எண்டு முதல் படியும்.

கிளிநொச்சி வெயில்
விஎஸ் கோட்டிலயும் சேவ் பண்ணாத பைல் திரும்பத் திறக்கேக்க வரும். தானா சேவ் பண்ணுற வசதியையும் போட்டுவிட்டா இன்னும் பயமில்லை. கரண்டைக் காட்டி விம்தான் எண்டு சொல்ல ஏலாது.
தம்பி, விஎஸ் கோட்டில மேலதிகமா என்னென்ன எக்ஸ்ரென்சன் (துணைச் செருகல்) போட்டிருக்கு? எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு ஒருக்காத் திறந்து பாரும்.

சுன்னாகம் பெடியன்
4 ஜிபி, பழைய ஹார்ட் டிஸ்க், உபுண்டு. பைதன். எங்கட சனசமூக நிலைய நூலகத்துப் புத்தகப் பட்டியல் செய்யிறன், பேரெல்லாம் தமிழ். உடையிறது தமிழ்தான், இங்கிலீஸ் வடிவா வருது. கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிக்குது. சில பேர் தமிழாவே இல்லை, இங்கிலீஸ் எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கிடக்கு.

பனங்கூடல்
தமிழ் எண்டதை முதலே சொல்லியிருந்தா இவ்வளவு சுத்தியிருக்கத் தேவையில்லை. இது ரெண்டு வேற வேற பிரச்சினை.
கொம்பு பின்னால நிக்கிறது விம் ஓடுற ரேமினல் எண்ட கட்டளைச் சாளரத்தின்ர வேலை. ரேமினல் திரையைக் கட்டங் கட்டமாப் பிரிச்சுத்தான் எழுத்தை வைக்கும். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டு முறையில 'கெ' எண்டது முதல் 'க', பிறகு கொம்பு எண்டுதான் பதியுது, அதைத் திரையில முன்னுக்குக் கொண்டு வாறது எழுத்துருவையும் வடிவமைக்கிற மென்பொருளையும் பொறுத்தது. 'கொ' இன்னும் மோசம்: பைலில ரெண்டு குறியீடு, திரையில மூண்டு துண்டு. அந்த வேலையைப் பல ரேமினல் ஒழுங்காச் செய்யாது. லொக்கேலை மாத்தி இது தீராது. ஆனா உம்மட பைல் பழுதாகேல்லை, வேற எடிற்றரில திறந்தா சரியாத் தெரியும்.
அதோட, விம்மில எஸ்கேப் அமத்தின பிறகு இங்கிலீஸ் எழுத்து விசையள்தான் கட்டளை. தமிழ்க் கீபோட்டை மாத்தாம விட்டிட்டு எஸ்கேப் அமத்தினா அடுத்த கட்டளையும் தமிழ் எழுத்தாத்தான் போகும். ஒவ்வொரு தரமும் கீபோட்டை மாத்திக்கொண்டிருக்க வேணும். பட்டியல் முழுக்கத் தமிழ் எண்டா அது சரியான கரைச்சல்.
4 ஜிபிக்கு ஜீனி எண்ட எடிற்றரைப் போடும். பாரமில்லை, தமிழ் வடிவாத் தெரியும், எப் 5 அமத்தினா பைதன் ஓடும்.

கிளிநொச்சி வெயில்
ஈமாக்ஸ் எண்ட எடிற்றரையும் பாருங்கோ. 2020இல வந்த 27ஆம் பதிப்பில இருந்து எழுத்தை வடிவமைக்கிற ஹார்ப்பஸ் மென்பொருளைச் சேத்திருக்கு, சாளரத்தில திறந்தா தமிழ் ஒழுங்கா வரும். தமிழ் தட்டுற முறையும் உள்ளுக்கயே இருக்கிறதால கட்டளைக்கு இடைஞ்சல் இல்லை.

கட்டளைவரி
திங்கட்கிழமை குடுக்க வேண்டியவருக்கு ஈமாக்ஸோ? விம்மில பைதனை எழுதி, தமிழை வேற பைலில வைக்கலாம். தரவையும் நிரலையும் பிரிச்சு வைக்கிறது அடிப்படைப் பாடம்.

பனங்கூடல்
பிரிக்கிறது நல்ல யோசினை. ஆனா அந்தப் பைலையும் எதிலயோ திறந்துதானே திருத்த வேணும்.
தம்பி, அரைப்புள்ளியோட வாறது பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்சது. வேர்ட்டில இருந்து ஒட்டியிருப்பீர். பாமினியில 'தமிழ்' எண்டு அடிச்சா உள்ளுக்க நாலு இங்கிலீஸ் எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும்தான் இருக்கு. எந்த எடிற்றர் போட்டாலும் அது மாறாது. எழுத்துரு மாத்துற கருவியில போட்டு யூனிகோட் ஆக்கும். முழுப் பட்டியலையும் ஒண்டாப் போட வேண்டாம், இங்கிலீஸ் புத்தகப் பேரும் தமிழ் எழுத்தா மாறிப்போம்.

அச்சுக்கோர்ப்பு
பாமினியைக் குறை சொல்லாதேங்கோ. இஞ்ச கலியாணக் காட்டும் கோயில் நோட்டீசும் அதிலதானே அடிச்சனாங்கள். யூனிகோட் வர முதல் தமிழைத் திரையில வைச்சிருந்தது அப்பிடியான எழுத்துருக்கள்தான்.

கட்டளைவரி
அச்சுக்கு அது போதும், தேடுறதுக்குப் போதாது. பாமினியில இருக்கிற நூலகப் பட்டியலில ஒரு பேரைத் தேடி எடுக்க ஏலுமோ? இலங்கைத் தரம் எஸ்எல்எஸ் 1326 ரங்கநாதன் விசைப்பலகையை யூனிகோட்டுக்கெண்டே வைச்சிருக்கு. பாமினி பழகின கைக்கு அது கஷ்டமில்லை.

அச்சுக்கோர்ப்பு
யூனிகோட்டில மட்டும் எல்லாம் சரியோ? பைதனில சும்மா வரிசைப்படுத்திப் பாருங்கோ. 'ன' வந்து 'ந'வுக்குப் பக்கத்தில நிக்கும், 'ற' 'ர'வுக்குப் பக்கத்தில. அகராதி வரிசையில ரெண்டும் கடைசி. நூலகக்காரருக்கு அந்த வரிசை பிழை.

கிளிநொச்சி வெயில்
அது உண்மை. ஐசியூ எண்ட நிரல் தொகுப்பைப் பைதனில எடுத்துத் தமிழ் வரிசையைக் குடுக்கலாம்.

கட்டளைவரி
ஒரு சின்னப் பட்டியலுக்கு ஐசியூ வேண்டாம். எழுத்து வரிசையைத் தானே ஒரு லிஸ்றில எழுதி வைச்சாப் போதும்.

அச்சுக்கோர்ப்பு
மெய், உயிர்மெய், ஆய்தம், கிரந்தம் எல்லாத்தையும் அந்த லிஸ்றில எங்க வைப்பீங்கள்? எழுதிக் காட்டுங்கோ பாப்பம்.

சுன்னாகம் பெடியன்
ஜீனி போட்டன், தமிழ் சரியா வருது. பாமினிப் பேருகளை மாத்திக்கொண்டிருக்கிறன். நன்றி அண்ணையாக்கள்.

கிளிநொச்சி வெயில்
எக்ஸ்ரென்சன் நிப்பாட்டிப் பாத்தனீரோ? விஎஸ் கோட் ஏன் இறுகினது எண்டு தெரிஞ்சா இதே மெசின் வைச்சிருக்கிற மற்றப் பிள்ளையளுக்கும் உதவும்.