லவ் ஹினா மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) படித்தவர்கள் ஒரு யோசனை சொல்லுங்கள்

நண்பர்களே, 2000-இல் வந்த ‘லவ் ஹினா’ அனிமேயின் (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) 24 எபிசோடுகளையும் பார்த்து முடித்துவிட்டேன். டோக்கியோ பல்கலைக்கழக நுழைவுத்தேர்வில் இருமுறை தோற்ற கெய்தாரோ, சின்ன வயதில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்குக்காக மறுபடியும் புத்தகத்தைக் கையில் எடுக்கிறானே, அந்த இடமெல்லாம் மனதைத் தொட்டது. கதாநாயகி நாருவும் அவனும் சேர்ந்து படிக்கும் காட்சிகள் அருமை.

ஆனால் தடுக்கி விழுவது, பெண்கள் குளிக்கும் இடத்துக்குள் தெரியாமல் நுழைவது, உடனே நாருவிடம் குத்து வாங்கிப் பறப்பது என்று அதே கவர்ச்சிக் காமெடி திரும்பத் திரும்ப வந்து சலித்துவிட்டது. ஷினோபு மாதிரி சின்னப் பெண்ணையும் அதில் இழுத்தது எனக்குப் பிடிக்கவே இல்லை.

இதற்கு மூலமான கென் அகமட்சுவின் மங்கா 14 தொகுதிகள். அதில் படிப்பும் காதலும் இன்னும் ஆழமாக வருகிறதா? படித்தவர்கள் முடிவை மட்டும் உடைக்காமல் சொல்லுங்கள், ப்ளீஸ்.