படகுப் பாய் தைக்க வேலூர் பக்கம் மெஷின் கிடைக்குமா?

நானும் வீட்டுக்காரரும் 32 அடி பாய்மரப் படகிலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள். மே மாதம் கன்னியாகுமரியைத் தாண்டும்போது அடித்த காற்றில் பெரிய பாயின் பின்விளிம்பு தையலோடு நான்கடிக்குக் கிழிந்துவிட்டது. படகு கொச்சியில் நிற்கிறது, பாய் மட்டும் காட்பாடியில் எங்கள் மாடியில். துணி டேக்ரான் (பாய்க்கான பாலியஸ்டர் துணி), மூலையில் ஆறேழு அடுக்கு.

டேப் ஒட்டினோம், வேலூர் வெயிலில் உரிந்து வந்தது. லாங் பஜாரில் தார்ப்பாய் தைப்பவர் மூலையைத் தொட்டதும் கைவிரித்தார். ஆம்பூரில் ஷூ தைக்கும் மெஷினில் ஊசி அழகாக இறங்கியது, ஆனால் நேர்த்தையல்தான். காற்றில் பாய் இழுபடும்போது அது தாங்காது, ஜிக்ஜாக் வேண்டும். அப்புறம், சுருட்டிய பாய் அந்த மெஷினுக்குள் நுழையவும் இல்லை.

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து செப்டம்பர் கடைசியில் கிளம்ப வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் சுருட்டிய பாய் நுழையும் அளவுக்கு நீளக் கை உள்ள கனரக ஜிக்ஜாக் மெஷின் யாரிடம் இருக்கிறது?