‘இம்ப்ரவைசேஷன்’: தமிழில் என்ன? (அவசரம்)

அன்பர்களே,
வரும் ஞாயிறு எங்கள் திரைப்படக் கழகத்தில் ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட் பற்றிய ஆவணப்படம் போடுகிறோம். மைக் டிப் 2005இல் எடுத்தது; தவறவிடாதீர்கள். அவையில் யாராவது இருமினால் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பாடம் எடுத்த மனிதர். ஆனால் பியானோவில் கை வைத்தால், இருமியவரே மன்னித்துவிடுவார். சப்டைட்டில் என் தலையில் விழுந்திருக்கிறது. படத்தின் பெயரிலேயே ‘இம்ப்ரவைசேஷன்’, அதாவது முன்தயாரிப்பின்றி அந்த நொடியில் இசையைப் படைத்து வாசிப்பது. மனோதர்மம் என்று போட்டுவிடலாமா?
— ப.

> மனோதர்மம் என்று போட்டுவிடலாமா?

கூடாது. அது கர்நாடக இசைச் சொல்; நிரவலோ கற்பனைச் சுரமோ, ராகமும் தாளமும் காலடியில் இருக்கின்றன. 1975 ஜனவரி 24 இரவு ஜெர்மனியின் கொலோன் மேடையில் ஜாரெட்டிடம் முன்கூட்டி வகுத்த மெட்டு ஏறக்குறைய எதுவும் இல்லை. போதாக்குறைக்கு வடசொல். சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் அடியார்க்கு நல்லார் ஆலாபனைக்கு ‘ஆளத்தி’ தந்திருக்கிறாரே!
— செ.

ஐயா, ஆளத்திக்கும் பண் வேண்டுமே? காளமேகத்திடம் போவோம். கேட்ட மாத்திரத்தில் பாடும் ஆசுகவி பாடினால் ஆசுகவிதை, வாசித்தால் ‘ஆசிசை’.
— ம.

அந்த ‘ஆசு’வும் வடசொல்தான், விரைவு என்று பொருள். தமிழ் ஆசு என்றால் குற்றம். ஆசறு புலவர் என்பதில்லையா? குற்றமுள்ள இசை என்றா விளம்பரம் செய்வது?
— செ.

அதுதான் பொருத்தம்! கொலோனில் அன்று வந்து நின்றது தவறான பியானோ. மேல் சுரங்கள் தகரச் சத்தம், கீழ்ச் சுரங்களில் வலு இல்லை, பெடலும் சரியில்லை. வாசிக்க மாட்டேன் என்று கிளம்பியவரை ஏற்பாடு செய்த 18 வயதுப் பெண் கெஞ்சி நிறுத்தினார். ஜாரெட் நடுக் கட்டைகளிலேயே புழங்கினார். இடக்கை ஒரே கோலத்தைத் திரும்பத் திரும்ப இழைத்தது. குற்றத்திலிருந்து பிறந்த இசை. இன்னொன்று: ஆசு என்றால் பற்றாசும்கூட, தட்டான் நகையை ஒட்டவைப்பது. யாப்பில் ய், ர், ல், ழ் இடையில் புகுந்தும் எதுகை கெடாதிருந்தால் ஆசிடை எதுகை. இதை விரித்து ஒரு கட்டுரையே
— ம.

கட்டுரை பிறகு. ‘உடன்புனைவு’ போதாதா? உடனே புனைவது, மூவர் குழுவில் வாசிக்கையில் உடனிருப்பவரோடு புனைவது.
— க.

தனியாக வாசிக்கும்போது யாருடன்?
— செ.

வாசித்தபடியே முனகுவாரே, அந்த முனகலுடன் 🙂
— க.

பியானோவைத் தமிழாக்காமல் விட்டுவிட்டீர்கள், ஜாஸையும் விட்டுவிட்டீர்கள். இதை மட்டும் ஏன் பிடித்துத் தொங்க வேண்டும்? இம்ப்ரவைசேஷன் என்றே எழுதுங்கள். ஞாயிறு வருகிறவர்களுக்குப் புரியும்.
— ர.

புரியும் என்பதற்காக எழுதினால் ‘ரயில் ஸ்டேஷன் மாஸ்டர்’ மட்டுமே மிஞ்சும். நான் ஜாஸையும் விடவில்லை, ‘சாசு’ என்றுதான் எழுதுகிறேன்.
— செ.

நாளை காலை கோப்பு போக வேண்டும். உடன்புனைவுக்கு க., ர. (அரைமனதாக), நான், ஆளத்திக்குச் செ. ஐயா, ம. இன்னும் பற்றாசில் இருக்கிறார். உடன்புனைவு என்றே போடுகிறேன்.

இன்னொரு சிக்கல். 1983 முதல் ஜாரெட்டின் மூவர் குழு வாசித்த பழைய பாட்டுகளை ‘ஸ்டாண்டர்ட்ஸ்’ என்பார்களே, வரைவில் யாரோ ‘தரநிலைகள்’ என்று தட்டிவைத்திருக்கிறார்கள். யாராவது?
— ப.

வழக்குருப்படி, வழக்கில் உள்ள பாட்டு. சிலம்பிலேயே…
— செ.