மாரியில் திலாப்பியாவுக்குப் புண்: வேப்பிலை ஊத்தலாமா?

படுவான்கரைப் பொடியன்:
கொக்கட்டிச்சோலைப் பக்கம் வளவுக்குள்ள மண்குளம் வெட்டி 600 திலாப்பியாக் குஞ்சு விட்டனான். நீளம் 30 அடி, அகலம் 20 அடி, ஆழம் 4 அடி. மீன் இப்ப உள்ளங்கை அளவு. போன கிழமை அடைமழைக்குப் பிறகு செதில் கழண்டு, வயித்துப் பக்கம் சிவந்து புண்ணா வருது. வால் கிழிஞ்ச துணி மாதிரிக் கிடக்கு. நாலு நாளில 11 செத்துட்டு. அம்மம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சு ஊத்தச் சொல்றா. எவ்வளவு போடணும்? மனிசர் குடிக்கிற அன்டிபயோட்டிக் கெப்சூலை உடைச்சுக் கரைக்கச் சொல்லி ஒராள் சொன்னார். வீட்டுப் பிள்ளைகள் தின்னுற மீன், எனக்கு மனம் வரல்ல.

சம்மாந்துறைக் காக்கா:
தம்பி, வேப்பிலையை ஊத்திடாதீங்க. ரெண்டு மாரிக்கு முன்னால நான் செஞ்ச பிழை அது. இடிச்ச இலை மூணு வாளி, பின்நேரம் ஊத்தினன். சுபஹ் தொழுதிட்டுப் போய்ப் பார்த்தா மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. விடியிறதுக்குள்ள பாதி போயிட்டு. இலை அழுகும்போது தண்ணியில இருக்கிற ஒட்சிசன் முடிஞ்சிரும். இரவில பாசியும் அதைத்தான் இழுக்கும். வேப்பஞ்சாறு கூடினா மீனுக்கு நஞ்சும்தான். இறால் குளத்தில வேண்டாத மீனைக் கொல்ல இலுப்பைப் புண்ணாக்குப் போடுறாங்களே, அதுவும் மரத்துச் சாமான்தானே. நம்மட வாவிக்கரைத் தில்லை மரத்துப் பாலும் அப்படித்தான்.

திருக்கோவில் அக்கா:
காக்கா சொல்றது சரி. தம்பி, மூலிகையைத் தண்ணிக்குக் குடுக்காதீங்க, மீனுக்குக் குடுங்க. அதுவும் தீன் தின்னுற மீனுக்குத்தான் சரிவரும். புண் வந்த மீன் தீனைத் திரும்பியும் பார்க்காது, அதுக்குத் தீனில மருந்து கலந்து என்ன பிரயோசனம்? அதால இண்டைக்கே புண் மீனை வலையால எடுத்து வேற தொட்டியில விடுங்க. லீற்றருக்கு 10 கிராம் உப்புக் கரைச்ச தண்ணியில பத்து நிமிஷம் வைச்சு எடுக்கலாம். சரிஞ்சு விழுந்தா உடனே தூக்கிருங்க. கையில காயம் இருந்தா உறை போடுங்க, இப்படிப் புண் வைக்கிற கிருமி சில நேரம் மனிசருக்கும் ஏறும். குளத்தில அடித்தண்ணி கால்வாசி இறைச்சு நல்ல தண்ணி விடுங்க. மீதித் தீன் அழுகாம இருக்கத் தீனைப் பாதியாக் குறைங்க.

மறுகா, தீன் தின்னுற மீனுக்கு நான் செய்யிறது இது. ஒரு கிலோ தீனுக்கு உரிச்ச உள்ளி 10 கிராம். அம்மியில நசுக்கிப் பத்து நிமிஷம் சும்மா வைக்கணும். நசுக்கின பிறகுதான் அந்தக் காரமான சத்து உண்டாகும். முழுசா அவிச்சா உண்டாகாது. தீனோட பிசைஞ்சு, மேல ரெண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் பூசி நிழலில உலர விடுவன். எண்ணெய் பூசாட்டித் தண்ணியில பட்டதும் எல்லாம் கரைஞ்சிரும். கொய்யா இலைத்தூளும் கலப்பன். திலாப்பியாவில இதே மாதிரிப் புண் வைக்கிற ஏரோமோனாஸ் கிருமிக்குக் கொய்யா இலை பலன் குடுத்ததைத் தாய்லாந்தில 2008இல் எழுதியிருக்காங்க.

நான் இதைப் புரட்டாதி கடைசியிலயே தொடங்கிருவன், மழை விழ முன்னம். மீன் நல்லா இருக்கக்குள்ள குடுத்தாத்தான் அதுட உடம்பு தாங்கும்.

சாவு நிக்காட்டி, நோய் மீன் ரெண்டை உயிரோட தண்ணிப் பையில போட்டு நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை உத்தியோகத்தர்ட்டக் காட்டுங்க. செத்து நாறினதில என்ன கிருமி எண்டு சொல்ல ஏலாது. கெப்சூல் வேணவே வேணாம்.

படுவான்கரைப் பொடியன்:
14 மீனைப் பிரிச்சிட்டன் அக்கா. தண்ணியும் மாத்தினன். அம்மம்மா உள்ளி உரிக்கிறா. கொய்யா கொழுந்தா, முத்தின இலையா?

திருக்கோவில் அக்கா:
முத்தினது. நிழலில காயவைச்சு இடிச்சு, அரிதட்டில அரிச்சுப் போடுங்க. நரம்பு கிடந்தா மீன் துப்பிரும்.