ஆல்பெர்ட் கைப் படத்துல வர்ற தங்க வெயில் நெதர்லாந்துல எங்கப்பா அடிக்குது?

சும்மா_சுத்துறவன்:
ரோட்டர்டாம்ல வேலை பாக்குறேன். ஓவியம் பத்தி பெருசா தெரியாது, லீவு கிடைச்சா மியூசியம் போற ஆளு அவ்ளோதான். போன மாசம் லண்டன் நேஷனல் கேலரில 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் கைப் வரைஞ்ச ஒரு பெரிய படம் பாத்தேன், ஆத்தங்கரை, குதிரைல ஒருத்தர், மாடு ஆடு மேய்க்கிறவங்க, எல்லாத்து மேலயும் தேன் ஊத்துன மாதிரி சாயங்கால வெயில், தூரத்துல மலை வேற! ஆளு டோர்ட்ரெக்ட்காரராம், எங்களுக்குப் பக்கத்து ஊரு. அங்க ஏதுங்க மலை? வருஷத்துல பாதி நாள் வானம் சாம்பலாத்தான் கிடக்கு. எல்லாம் கற்பனையா? இன்னொண்ணு, பக்கத்து ரூம்கள்ல நிறைய டச்சு படத்துல மரத்து இலை ஒரு மாதிரி நீலமா இருந்துச்சு, வரையும்போதே அப்படித்தான் வரைஞ்சாங்களா?

தூரிகைத்தாத்தா:
தம்பி, அந்த வெயில் இத்தாலி வெயில். ஆனா கைப் இத்தாலி பக்கமே போனதில்ல, அதுதான் வேடிக்கை. யான் போத்னு உட்ரெக்ட் ஊர் ஓவியர் ஒருத்தர் ரோம்ல கொஞ்ச வருஷம் இருந்துட்டு 1640களோட ஆரம்பத்துல ஊர் திரும்பினாரு, வரும்போது அந்த ஊர் வெயிலை வரையுற வித்தையையும் கொண்டு வந்தாரு. பக்கவாட்டுல இருந்து தாழ்வா வர்ற ஒளி, நீள நிழல், மாட்டோட முதுகு ஓரத்துல மட்டும் மின்னுற கோடு. அதுக்கு முன்னாடி கைப் வரைஞ்சதைப் பாருங்க, யான் வான் கோயன்னு இன்னொரு டச்சு ஓவியர் மாதிரி வெளிறின மஞ்சளும் சாம்பலுமாத்தான் இருக்கும். போத் படங்களைப் பாத்த பிறகு 1640களோட நடுவுல ஆளே மாறிட்டாரு. மலை கற்பனை இல்ல, 1651-52 வாக்குல ரைன் நதி ஓரமா நைமேகன், ஜெர்மனி எல்லைல க்ளேவ ஊர்னு சுத்தி நிறைய ஸ்கெட்ச் போட்டாரு, அங்க குன்று உண்டு. வீட்டுக்கு வந்து ஸ்டுடியோல உக்காந்து இங்கத்த மாடு, அங்கத்த குன்று, இத்தாலி வெயில் எல்லாத்தையும் ஒரே படத்துல சேத்துட்டாரு. அந்தக் காலத்துல வெளிய போய் ஸ்கெட்ச்தான் போடுவாங்க, ஆயில் பெயிண்டிங் பெரும்பாலும் வீட்டுக்குள்ளதான்.

மேய்ச்சல்நிலம்:
தாத்தா சொல்றது சரிதான், ஆனா முழுசா இத்தாலிக்கு எழுதிக் கொடுத்துடாதீங்க. அதே நேஷனல் கேலரில கைப்போட இன்னொரு படம் இருக்கு, பால் கறக்குற பொண்ணு, நாலு மாடு, பின்னாடி டோர்ட்ரெக்ட் பெரிய சர்ச். அது சுத்தமா உள்ளூர். டோர்ட்ரெக்டைச் சுத்தி ஆறுதான், வெயில் அடிக்கிற அன்னைக்கு சாயங்காலம் தண்ணிமேல பட்டு வர்ற வெளிச்சத்தை ஒரு தடவை போய் பாத்துட்டு சொல்லுங்க. அப்புறம் அந்த மாடுகளை அவரு கீழ இருந்து பாக்குற மாதிரி வரைவாரு, அதனால அடிவானத்தை விட உயரமா ராஜா மாதிரி நிக்கும். வெண்ணெய் பாலாடைக்கட்டி வித்து காசு பாத்த நாடு, மாட்டுக்கு மரியாதை கொடுக்காம எப்படி! பின்னாடி 18ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்து பணக்காரங்க இவரு படங்களை அள்ளிட்டுப் போனாங்க, அதான் நீங்க லண்டன்ல நின்னு பாத்துருக்கீங்க.

பழைய_வார்னிஷ்:
நீல இலைக்கு நான் சொல்றேன். பச்சை வேணும்னா நீலத்தோட செடியில இருந்து எடுத்த மஞ்சள் சாயத்தைக் கலப்பாங்க, இல்ல நீலத்து மேல மெல்லிசா பூசுவாங்க. அந்த மஞ்சள் வெளிச்சம் பட்டுப் பட்டு வெளுத்துடும், நீலம் மட்டும் மிச்சம். வானத்துக்கும் இதே கதை உண்டு, ஸ்மால்ட்னு கோபால்ட் கண்ணாடியைப் பொடிச்சு செஞ்ச மலிவு நீலம், எண்ணெய்ல கலந்தா நாளாக நாளாக சாம்பலாயிடும். அதனால இப்ப சாம்பலா தெரியுற சில வானம் வரைஞ்ச அன்னைக்கு நல்ல நீலமா இருந்திருக்கும். பழசான வார்னிஷ் வேற மஞ்சளாகி தங்க வெயிலை இன்னும் தங்கமாக்கிடும், க்ளீன் பண்ணாத படத்துல வெயிலை அப்படியே நம்பாதீங்க.

சும்மா_சுத்துறவன்:
அடேங்கப்பா! சரி, நான் தினம் பாக்குற அந்த நிஜ வானம் யார் படத்துல இருக்கு?

தூரிகைத்தாத்தா:
ஹேக்ல மௌரிட்ஷௌஸ் மியூசியம் போங்க, யாக்கோப் வான் ரய்ஸ்டால் 1670களுக்குப் பக்கத்துல வரைஞ்ச ஹார்லெம் ஊர்க் காட்சி இருக்கு. படத்துல மூணுல ரெண்டு பங்கு மேகம், கீழ துணி வெளுக்குற வயல்ல ஒரு துண்டு மட்டும் வெயில். சின்னப் படம்தான், ஆனா அதுக்கு முன்னாடி நின்னா நகர மனசு வராது. அங்கேயே பவுலுஸ் போட்டரோட காளையும் இருக்கு, 1647, இருபது சொச்சம் வயசுல கிட்டத்தட்ட உயிரளவுக்கு வரைஞ்சிருக்கான் பையன். அந்தக் காளையும் வேற வேற வயசு மாடுகளைப் பாத்து ஒட்டவச்சதுதான்னு சொல்லுவாங்க, ஆக வெயில் மட்டும் இல்ல, மாடும் கதம்பம்தான் 😄

மேய்ச்சல்நிலம்:
அடுத்த தடவை லண்டன் போனா ரூபன்ஸோட ஹெட் ஸ்டேன் படத்தையும் விட்டுடாதீங்க. 1635ல அந்த பண்ணை வீட்டை வாங்கிட்டு தனக்காகவே வரைஞ்சது, காலை வெயில், வண்டில சந்தைக்குப் போறவங்க, பறவை வேட்டைக்காரன். இதுல வீடு நிஜம், பெல்ஜியத்துல மெகெலன் பக்கம் எலெவெய்ட்ங்கிற ஊர்ல இன்னும் நிக்குது.