பெல்ட் லோடர் ஹோஸ் எட்டு மாசத்துல மூணு தடவ போச்சு, எந்த பிராண்ட் நம்பி வாங்கலாம்?

செங்காங்_தம்பி:
அண்ணன்மாரே வணக்கம். சாங்கி ஏர்போர்ட்ல கிரவுண்ட் எக்விப்மென்ட் மெயின்டனன்ஸ் பாக்குறேன். விமானத்துல பெட்டி ஏத்துற ஒரு பெல்ட் லோடர்ல, முன்பக்க பூம (பெல்ட் ஓடுற நீள சட்டம்) தூக்குற சிலிண்டருக்குப் போற ஹைட்ராலிக் ஹோஸ் எட்டு மாசத்துல மூணு தடவ போயிடுச்சு, போன வாரம் நைட் ஷிஃப்ட்ல விமானத்துக்குப் பக்கத்துலயே ஆயில் கொட்டி, மழை வேற, தண்ணியோட சேந்து ஸ்டாண்ட் முழுக்க பரவி, அத அள்ளி முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிடுச்சு. ரெண்டு லேயர் கம்பி உள்ள அரை இன்ச் 2எஸ்என் ஹோஸ், பிரஷர் அளவு மீறாம பாத்துக்கற ரிலீஃப் வால்வ் 140 பார்லதான் இருக்கு. மலிவு பிராண்ட் வாங்குனதுதான் காரணம்னு ஒருத்தர், நாலு லேயர் கம்பி உள்ள 4எஸ்பி போடுன்னு சூப்பர்வைசர். என்ன வாங்கட்டும்?

ஈசூன்_ஹைட்ராலிக்:
தம்பி, பிராண்ட் அப்புறம் பேசலாம். அரை இன்ச் 2எஸ்என் 275 பார் தாங்கும், வெடிக்கிற அளவு அதுக்கு நாலு மடங்கு, 1100 பார். உன் லைன்ல 140தான். அப்ப பிரஷர்னால போகல. கழட்டுன ஹோஸ குப்பைல போட்டுட்டியா? இருந்தா எடுத்துப் பாரு, எந்த இடத்துல போச்சுன்னு சொல்லு. நடுவுலயா, முனைல இருக்குற ஃபிட்டிங் பக்கத்துலயா, கவர் தேஞ்சிருக்கா, ஹோஸ் மேல அச்சடிச்ச எழுத்து நேரா ஓடுதா இல்ல முறுக்கிட்டுப் போகுதா. இது தெரியாம புதுசு வாங்குனா நாலாவது தடவையும் போகும்.

செங்காங்_தம்பி:
ஒண்ணு மட்டும் ஸ்டோர்ல கிடந்துச்சு அண்ணே. ஹோஸ் முனைய கவ்வுற உலோக வளையம் இருக்குல்ல, அந்த ஃபெர்ரூல்லேந்து ஒரு விரல் அகலம் தள்ளி கவர் பாளம் பாளமா வெடிச்சிருக்கு, உள்ள கம்பி செம்பழுப்பா துருப் பிடிச்சு, நகத்தால சுரண்டுனா பொடியா உதிருது. எழுத்து நேராத்தான் இருக்கு. பூம முழுசா இறக்கி வளைவ அளந்து பாத்தேன், 120 மில்லிமீட்டர் ரேடியஸ்தான் வருது.

ஈசூன்_ஹைட்ராலிக்:
அதான் தம்பி விஷயம்! அரை இன்ச் 2எஸ்என்னுக்கு குறைஞ்சது 180 வேணும். நீ 120ல மடக்குற, அதுவும் ஃபெர்ரூல் வாயிலேயே. பூம் ஏறி இறங்குற ஒவ்வொரு தடவையும் அதே இடம் மடங்கி கவர் கீறிடுது, அப்புறம் நம்ம ஊரு மழையும் ஈரமும் உள்ள போயி கம்பிய அரிச்சிடுது. சூப்பர்வைசர் சொல்ற 4எஸ்பி இத இன்னும் மோசமாக்கும், அது 230க்குக் கீழ வளையக் கூடாது. 2எஸ்சி கேட்டு வாங்கு, அதுவும் ரெண்டு லேயர் கம்பிதான், அதே 275 பார், வளைவு 130 போதும், ஹோஸும் ஒல்லி. ஆனா உன் 120க்கு அதுவும் பத்தாது, அதனால சிலிண்டர் பக்கம் நேர் ஃபிட்டிங்க எடுத்துட்டு 45 டிகிரி போட்டுப் பாரு, ஃபெர்ரூல் தாண்டி ஹோஸ் விட்டத்துல ஒன்றரை மடங்காவது நேரா போயிட்டு அப்புறம் வளையணும். நீளத்தையும் இறுக்கமா வெட்டாத, பிரஷர் ஏறும்போது ஹோஸ் 4 சதவீதம் வரைக்கும் சுருங்கலாம், ஒரு மீட்டர்னா 40 மில்லிமீட்டர், அந்த இழுவை முழுக்க ஃபெர்ரூல் மேலதான் விழும்.

துவாஸ்_ஸ்டோர்_அக்கா:
தம்பி, வாங்குற இடத்துலயும் கொஞ்சம் கவனம் வேணும்பா. ஹோஸ் மேல ஓடுற எழுத்துல தேதி இருக்கும், 3க்யூ22ன்னா 2022 மூணாவது காலாண்டு. ஜெர்மன் ஸ்டாண்டர்ட் டின் 20066 கணக்குப்படி நாலு வருஷத்துக்கு மேல பழைய ஹோஸ வெட்டி கிரிம்ப் பண்ண, அதாவது ஃபெர்ரூல அழுத்தி ஃபிட்டிங் மாட்டக் கூடாது, பண்ணினது ஸ்டோர்ல கிடக்குற காலத்தையும் சேத்து ஆறு வருஷம்தான். நான் டெலிவரி வாங்கும்போது முதல்ல பாக்குறது அந்த எழுத்ததான், அழிஞ்சிருந்தா திருப்பி அனுப்பிடுவேன். இன்னொண்ணு, ஹோஸ் ஒரு கம்பெனி ஃபிட்டிங் இன்னொரு கம்பெனின்னு கலந்து கிரிம்ப் பண்ண விடாத. கிரிம்ப் அளவு அந்தந்த கம்பெனி சார்ட்ல இருக்கும், வெர்னியர் வச்சு நீயே அளந்து பாரு, கடைக்காரங்க கோவிச்சுக்க மாட்டாங்க. நல்ல பிராண்ட் ஹோஸே தப்பான கிரிம்ப்ல பிச்சுக்கிட்டு வந்தத பாத்திருக்கேன்.

ஹேங்கர்_குமாரு:
ஒண்ணு சேத்துக்கிறேன். உங்க ஸ்டோர்ல விமானத்துக்கு ஹைட்ராலிக் பிரஷர் குடுக்குற டெஸ்ட் ரிக் இருந்தா அதோட ஹோஸையும் இதையும் ஒரே ரேக்ல வைக்காதீங்க. அந்த ரிக்ல ஓடுறது ஸ்கைட்ரால்ங்கிற விமான ஹைட்ராலிக் திரவம், ஊதா கலர்ல இருக்கும். அதுல சாதாரண நைட்ரைல் ரப்பர் ஹோஸ் உப்பிப் போயிடும், அதுக்கு இபிடிஎம்ங்கிற வேற ரப்பர் வேணும். அந்த இபிடிஎம்ம கொண்டு வந்து லோடர் மினரல் ஆயில்ல போட்டா அதுவும் உப்பிடும். வெளிய பாத்தா ரெண்டும் கருப்பு, எழுத்தப் படிச்சாதான் தெரியும்.

அப்புறம் தம்பி, லீக் எங்கன்னு கையால தடவிப் பாக்கவே பாக்காத. ஊசி முனை ஓட்டையில வர்ற ஆயில் க்ளவுஸையும் தாண்டி தோலுக்குள்ள போயிடும், பாக்க சின்ன முள்ளு குத்துன மாதிரிதான் இருக்கும், வலிகூட அவ்வளவா இருக்காது, ஆனா விரலயே எடுக்க வேண்டி வரலாம். அட்டைய நீட்டிப் பாரு. பட்டுடுச்சுன்னா ஷிஃப்ட் முடியட்டும்னு இருக்காம நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு (ஏ அண்ட் ஈ) போயி, ஹைட்ராலிக் ஆயில் பிரஷரோட உள்ள போச்சுன்னு சொல்லு.

செங்காங்_தம்பி:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. நேத்து ராத்திரி பூம் கீழ இறங்காம தாங்குற சேஃப்டி ஸ்டே போட்டு பூம நிறுத்திட்டு 45 டிகிரி ஃபிட்டிங் ஒண்ண மாட்டிப் பாத்தேன், வளைவு இப்ப 150க்கு மேல வருது. 2எஸ்சி ஆர்டர் போட்டாச்சு. பக்கத்து ரெண்டு லோடர்லயும் டார்ச் அடிச்சுப் பாத்தேன், ஒண்ணுல அதே இடத்துல கவர் கீற ஆரம்பிச்சிருக்கு, சூப்பர்வைசர்கிட்ட காமிச்சு அந்த வண்டிய லைன்லேந்து எடுத்துட்டோம்.